மலைக் குழந்தைகளின் மூச்சும் நர்சுகளின் பயிற்சியும்

(பழனி மலைக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், குழந்தைகளுக்கு வரும் இருமல், இழுப்பு, நிமோனியா முதலிய மூச்சு சம்பந்தமான நோய்களைப் பற்றியும், அந்நோய்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுகளே சிகிச்சை செய்யத்தக்கபடி அவர்களைப் பழக்க வேண்டியதைப் பற்றியுமாகும். சாதி, சாமி, சடங்கு என்று பேச வேண்டிய மேடையில் சளியையும் இருமலையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். பிள்ளை மூச்சடங்கிப்போன வீட்டில் எந்தப் பிரசங்கத்தைச் செய்து என்ன பயன்? அன்றியும், இந்த விஷயத்திலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி, அறிவு யாருக்குச் சொந்தம் என்கிற பழைய கேள்விதான் என்பதை நாம் சொல்லி முடிக்கும்போது நீங்களே உணருவீர்கள்.

கொடைக்கானல் எப்படி ஏற்பட்டது? மதுரைச் சீமையில் வேலை செய்துவந்த அமெரிக்கப் பாதிரிகள், சமவெளியில் நோய்க்குத் தங்கள் ஜனங்களைப் பறிகொடுத்து, உயிர் தப்பினால் போதுமென்று நல்ல காற்றைத் தேடி மலை ஏறி, 1845ஆம் வருஷத்தில் இங்கு வீடு கட்டிக்கொண்டார்கள். வண்டிப் பாதை ஏற்படுவதற்கு முன் அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தோளில் சுமந்து மலை ஏற்றியவர்கள் நம்முடைய கூலிக்கார ஏழைகளேயாவார்கள். அன்று முதல் இன்றுவரை காசுள்ளவன் நல்ல மூச்சு வாங்குவதற்காக இந்த மலைக்கு வருகிறான். ஆனால் இதே மலையில் பிறந்து, இங்கேயே பூண்டும் உருளைக்கிழங்கும் காப்பியும் விளைவிக்கிறவனுடைய குழந்தைக்கு மூச்சு முட்டினால், அதைத் தூக்கிக்கொண்டு அவன் மலை இறங்கி ஓட வேண்டியிருக்கிறது. வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த கதை நீங்கள் அறியாததல்ல. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் சுமார் 35 கிலோமீட்டர்; கொடைக்கானலிலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி சுமார் 120 கிலோமீட்டர். நிமோனியா கண்ட கைக்குழந்தை இவ்வளவு வழியையும் தாங்கும் என்பதற்கு யார் உறுதி கொடுக்க முடியும்?

இதன் மேல் மலைக்கென்றே சில கஷ்டங்கள் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு, கடற்கரையில் இருப்பவனுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நுரையீரல் நன்றாயிருக்கிற வரையில் இது ஒரு குறையாகத் தெரியாது. நுரையீரலில் ஒரு பாகம் சீழும் நீரும் கட்டிவிட்டாலோ, கையிருப்பு இல்லாத ஏழைக்குச் செலவு வந்த கதையாக ஆகிவிடும். போதாததற்குக் குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே விறகு மூட்டுகிறோம். அடுப்புப் புகை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமோனியா வரும் அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தார் சொல்லுகிறார்கள். தாய் சமைக்கும்போது இடுப்பிலிருக்கும் குழந்தைதான் அந்தப் புகையை முதலில் குடிக்கிறது.

இனி இந்த நோயின் அளவைக் கேளுங்கள். 2019ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 7,40,180 பேர் நிமோனியாவால் செத்தார்கள் என்று அதே நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. அதாவது நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம் குழந்தைகளுக்கு மேல். இவ்வளவு பேரும் மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயால் செத்தவர்களல்ல. கிருமியால் வரும் நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலின் என்கிற மலிவான மருந்து எத்தனையோ காலமாக இருந்துவருகிறது. மருந்து இருந்தும் பிள்ளை சாகிறதென்றால், மருந்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறதென்றுதானே அர்த்தம்? அது என்னவென்று பார்ப்போம்.

முதலில் குறுக்கே நிற்பது நம்முடைய மடமை. குழந்தைக்கு மூச்சு வாங்கினால் கணை என்கிறோம், மாந்தம் என்கிறோம், தோஷம் என்கிறோம், எவளோ கண் போட்டுவிட்டாள் என்கிறோம். உடனே மந்திரிக்கிறவனிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவன் திருநீறு போட்டு, தாயத்துக் கட்டி, எலுமிச்சம்பழமும் கோழியும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறான். சில இடங்களில் பால் மணம் மாறாத குழந்தையின் வயிற்றில் சூடு போடுகிற கொடுமையும் நடக்கிறது. சளியை இளக்குகிறோமென்று மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அதுவே தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும். நாம் கேட்கிறோம், தோஷம் ஒரு நிமிஷத்திற்கு இத்தனை மூச்சு என்று கணக்கு வைத்துக்கொண்டா வருகிறது? மந்திரக்காரன் தன் சொந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் தாயத்தோடு நின்றுவிடுகிறானா, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறானா என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இதனால் வீட்டில் செய்கிற எல்லாக் காரியத்தையும் நாம் கண்டிப்பதாக நினைக்க வேண்டாம். சாதாரண இருமலுக்குப் பெரிய குழந்தைக்குத் துளசித் தண்ணீரோ வெதுவெதுப்பான பானமோ கொடுத்தால் தொண்டைக்கு இதமாயிருக்கும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதுவே போதும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனாலும் நிமோனியாக் கிருமி அந்தக் குறியீட்டைப் பார்த்து பயந்து ஓடாது.

இரண்டாவதாகக் குறுக்கே நிற்பது இன்னொரு மடமை, இது படித்தவர்களுடையது. நிமோனியாவைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டும், ஸ்டெதாஸ்கோப்பு வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் தொடக்கூடாது என்பது அது. இந்த நம்பிக்கையை உடைத்தவர்களும் டாக்டர்கள்தான் என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். நம்முடைய மலையைப்போலவே மலையும் காடுமாக இருக்கிற பப்புவா நியூகினி தேசத்தில் பிராங்க் ஷான் என்கிற டாக்டரும் அவருடைய தோழர்களும், எக்ஸ்ரே இல்லாத இடத்தில் எந்த அடையாளத்தைக்கொண்டு நிமோனியாவைக் கண்டுகொள்ளலாம் என்று ஆராய்ந்து 1984ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். பிறகு நம்முடைய தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியவர்கள் அதே விஷயத்தைச் சோதித்து 1988ஆம் வருஷத்தில் முடிவு சொன்னார்கள். கைக்குழந்தை நிமிஷத்திற்கு 50 தடவைக்கு மேலும், ஒரு வயது தாண்டிய குழந்தை 40 தடவைக்கு மேலும் மூச்சு விட்டாலும், நெஞ்சு உள்ளிழுத்தாலும், அவை நுரையீரல் நோய்க்கு நம்பத்தக்க அடையாளங்கள் என்பது அந்த முடிவு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் அது விறைத்துப்போகிறது. ஆழமாக ஒரு மூச்சு இழுக்க முடியாத குழந்தை, பிராணவாயுவுக்காகச் சிறிது சிறிதாகப் பல மூச்சு விடுகிறது. இன்னும் முற்றினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. இந்த இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். பார்ப்பதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும், பொறுமையும், பழகிய கண்ணுமேயாகும். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு இது: இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்திற்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலும் தாண்டினாலும் அது வேக மூச்சு.

சரி, அடையாளம் கிடைத்தது. டாக்டரல்லாதவர்கள் அதைக்கொண்டு உயிரைக் காப்பாற்றினார்களா என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்கிற காட்டுப் பிரதேசத்தில் அபய் பங், ராணி பங் என்கிற டாக்டர் தம்பதிகள் 1988-89இல் இதைச் செய்து காட்டினார்கள். கிராமத்து ஊழியர்களுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கும்கூட மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்து மருந்தையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். பெரிய எண்கள் எண்ணத் தெரியாதவர்களுக்காக, பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்துவதும் ஒரு நிமிஷ மணல் கடிகாரமும் சேர்ந்த ஒரு கருவியையும் செய்து கொடுத்தார்கள். பலன் என்ன? அந்த ஊழியர்கள் சிகிச்சை செய்த நிமோனியாக் குழந்தைகளில் செத்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, அதாவது 0.8. இந்த ஏற்பாடில்லாத பக்கத்துக் கிராமங்களில் நூற்றுக்கு 13.5. இமயமலையில் நேப்பாளத்து ஜும்லா ஜில்லாவில், நம்மைவிட மோசமான மலைப் பாதைகளுக்கு நடுவில், இதேபோல் ஊழியர்களைப் பழக்கிச் செய்ததில் மூன்றாம் வருஷத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மொத்தச் சாவே 28 சதவிகிதம் குறைந்ததென்று 1991இல் வெளியாயிற்று.

எழுத்தறியாத மருத்துவச்சி செய்து காட்டிய காரியத்தை, வருஷக் கணக்கில் படித்துப் பட்டம் பெற்ற நர்ஸ் செய்யக்கூடாதென்றால் அதற்குக் காரணம் என்ன? "அரைகுறை வைத்தியம் ஆபத்து" என்கிறார்கள். 2019ஆம் வருஷத்தில் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில், டாக்டரல்லாத சுகாதார ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட மருந்துகளைக் கொடுக்க வரையறுத்த அனுமதி அளிக்கலாமென்று ஒரு பிரிவு வந்தபோது, இந்திய மருத்துவச் சங்கத்தார் நாடெங்கும் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். பழக்கமில்லாத கையில் மருந்து கொடுத்தால் தீமை உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் முடிவு பழக்கு என்பதாக இருக்க வேண்டுமேயல்லாமல், தொடாதே என்பதாக எப்படி இருக்கலாம்? டாக்டர் மலை ஏறி வந்து தங்கவும் மாட்டார், நர்ஸ் மருந்தைத் தொடவும் கூடாதென்றால், நடுவில் சாகிறவன் யார்? வேதத்தைச் சிலர் மாத்திரமே படிக்கலாம் என்றார்கள். அதனால் நம் மானம் போயிற்று. வைத்தியத்தைச் சிலர் மாத்திரமே செய்யலாம் என்றால் நம் பிள்ளைகளின் உயிர் போகிறது.

இனி, பழக்குவது என்றால் எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, படம் காட்டி, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவதற்குப் பயிற்சியென்று பெயரில்லை. நீச்சலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கற்க முடியாதது போல, மூச்சு எண்ணுவதையும் மூச்சுவிடுகிற குழந்தையைப் பார்த்துத்தான் கற்க முடியும். அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணினால் கணக்குத் தப்பும். பாலூட்டி, சாந்தப்படுத்தி, சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பயிற்சி கொடுக்கிறவர் கூடவே எண்ணி, இரண்டு கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்து, அந்த நர்சின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கற்ற வித்தை பார்ப்பாரில்லாவிட்டால் மங்கிப்போகும்.

நர்ஸ் முக்கியமாகக் கற்க வேண்டியது தரம் பிரிப்பதாகும். இருமல் உண்டு, வேக மூச்சு இல்லை, குழியும் இல்லை என்றால் அது சளி. அதற்குக் கிருமி மருந்து வேண்டியதில்லை. வேண்டாதவனுக்கெல்லாம் கொடுத்தால், வேண்டியவனுக்கு அம்மருந்து வேலை செய்யாத காலம் வந்துவிடும். வேக மூச்சு உண்டு, ஆனால் குழந்தை பால் குடிக்கிறது, விழிப்பாயிருக்கிறது என்றால், அமாக்ஸிசிலினை வீட்டிலேயே இரண்டு வேளை கொடுக்கச் சொல்லி, இரண்டு நாளில் திரும்ப வரச்சொல்ல வேண்டும். குழந்தை குடிக்கவில்லை, குடித்ததையெல்லாம் கக்குகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினால் எழவில்லை, அமைதியாயிருக்கும்போதே தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கிறது என்றால், அங்கே நிறுத்திவைக்காமல் முதல் வேளை மருந்தைக் கொடுத்து, பிராணவாயுவோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு வேக மூச்சு கண்டாலும் அப்படியே அனுப்ப வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிமீட்டர் 90க்குக் கீழே காட்டினால் அதுவும் அபாயமே.

இழுப்பு என்பது வேறு சங்கதி. மூச்சை வெளியே விடும்போது விசில் போலச் சத்தம் வந்தால், குழல் சுருங்கியிருக்கிறதென்று அர்த்தம். அப்போது சால்பூட்டமால் என்கிற மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எண்ண வேண்டும். எத்தனையோ குழந்தைகளுக்கு அதிலேயே வேகம் தணிந்துவிடும். அந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க ஸ்பேசர் என்கிற குழாய் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டே செய்யலாம், கடைச் சரக்குக்கு அது குறைந்ததல்ல என்று தென்னாப்பிரிக்காவில் டாக்டர் ஹெதர் ஸார் 1999இல் சோதித்துக் காட்டினார். கொடைக்கானலில் சுற்றுலாக்காரர் விட்டெறிகிற பாட்டிலால் இந்த மலைக்கு வந்த தொல்லைக்கு நடுவில், இப்படி ஒரு நல்ல உபயோகமும் அதற்கு உண்டென்பதை அறியுங்கள். இன்ஹேலர் வைத்தால் பிள்ளை அதற்கே அடிமையாகிவிடும் என்றும், பெண் குழந்தையானால் நாளைக்குக் கல்யாணம் ஆகாது என்றும் சொல்லுகிறவர்களின் பேச்சைத் தள்ளுங்கள். இழுப்போடு சாவதைவிட மருந்தோடு வாழ்வது எந்த விதத்தில் கேவலம்?

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பக்கத்தில், சாதாரண இருமலுக்கு சிரப்புக் குடித்த இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அந்த சிரப்பு நம்முடைய காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் அதில் 48.6 சதவிகிதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் சோதனையிலேயே தெரிந்தது. அக்குழந்தைகளுக்கு அந்த மருந்து வேண்டியதே இல்லை. "இது சளி, தானே போகும், தாய்ப்பால் கொடு, இந்த இந்த அடையாளம் கண்டால் உடனே வா" என்று சொல்லத் தெரிந்த ஒரு நர்ஸ் அந்தந்த ஊரில் இருந்து, அவள் பேச்சுக்கு மதிப்பும் இருந்திருந்தால், எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்! மருந்து வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் பயிற்சியில் ஒரு பாகந்தான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஹிப் கிருமிக்கான ஊசியும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக, 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தடவை போடப்படுகிறது. குழந்தைகளின் நிமோனியாவுக்கென்றே 2019இல் மத்திய சர்க்கார் ஓர் இயக்கமும் ஆரம்பித்தார்கள். திட்டம் கோட்டையில் இருந்தால் போதாது. அது தாண்டிக்குடிக்கும் கவுஞ்சிக்கும் கூக்காலுக்கும் கீழ்மலைப் பளியர் குடியிருப்புக்கும் வந்து சேர வேண்டும். நர்சுக்குப் பயிற்சி, பயிற்சிக்குப் பின் அதிகாரம், அதிகாரத்திற்குப் பின் அலமாரியில் மருந்து, ஒரு கடிகாரம், ஒரு ஆக்ஸிமீட்டர், ஒரு ஸ்பேசர், பிராணவாயு, கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு டாக்டரின் டெலிபோன், இவ்வளவும் ஒன்றாக இருந்தால்தான் பலன். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண். இவையெல்லாம் கொடுக்காமல் வேலையை மாத்திரம் நர்ஸ் தலையில் கட்டி, தவறு வந்தால் அவளைத் தண்டிப்பதென்றால் அது அயோக்கியத்தனமாகும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. நர்சை ஊசி போடுகிற வேலைக்காரியாக நினைப்பதை விட வேண்டும். அவள் என்ன சாதி, எந்தத் தெரு என்று விசாரிப்பதை விட்டு, குழந்தையை எண்ணத் தெரியுமா என்று விசாரியுங்கள். அவள் எண்ணாமல் மருந்து கொடுத்தால், "அம்மா, ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். ராத்திரியில் குழந்தை பால் குடிக்க மறுத்தால், விடியட்டும், மாமியார் சொல்லட்டும், புருஷன் வரட்டும் என்று தாய் காத்திருக்கக்கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அவளுக்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. கிராம சபைக் கூட்டத்தில், கோவில் கொடைக்கு வசூல் எவ்வளவு என்று பேசுகிற வாயால், நம் சுகாதார நிலையத்து நர்சுக்கு இந்தப் பயிற்சி ஆயிற்றா, மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். அடுப்புப் புகை வெளியே போக வழி செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய், நன்றாய்த் தூங்குகிற உங்கள் குழந்தையின் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒரு நிமிஷத்திற்கு எத்தனை தரம் வயிறு ஏறி இறங்குகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சுகமாயிருக்கிற குழந்தையின் கணக்குத் தெரிந்தவர்களுக்கு, கெட்டுப்போகும்போது வித்தியாசம் தெரியும். பிறகு உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.